வெப்பமண்டலக் கடற்கரை நகரத்தில் விடுமுறை: கடலின் நேரப்படி ஒவ்வொரு நாளையும் அமைப்பது எப்படி

கடற்கரை நகரத்துக்கு முதல் முறையாக விடுமுறைக்குப் போகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். கடற்கரை, படகு, பழைய துறைமுகம், கலங்கரை விளக்கம், மீன் சந்தை என்று எட்டுப் பத்து இடங்கள். பட்டியல் இருப்பது நல்லதுதான். எதை எந்த நேரத்தில் செய்வது என்று யோசிக்காமல் போவதில்தான் சிக்கல். நண்பகலில் கொதிக்கும் மணலில் நிற்பார்கள். நீர் வற்றிய நேரத்தில் படகுத்துறைக்குப் போவார்கள். ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்ட பிறகு மீன்பிடித் துறைமுகத்தைத் தேடிப் போவார்கள்.

எனக்கு இது ஓர் அலையாத்திக் காட்டில் புரிந்தது. காலை பத்து மணிக்குப் படகு பேசிப் போனோம். அரை மணி நேரத்தில் கால்வாயில் தண்ணீர் இறங்கி, படகின் அடி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நீர் மறுபடி ஏறும்வரை மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்தோம். ஐந்து பேருக்கு இரண்டு பாட்டில் தண்ணீர்தான் இருந்தது. கூட வந்த சின்னப் பெண்ணுக்கு அன்று மாலையே காய்ச்சல். கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை முந்தின நாள் இரவு ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், அது நடந்திருக்காது. அதனால்தான் இந்த வழிகாட்டியைக் கடலின் நேரத்தை வைத்தே எழுதுகிறேன்.

முதல் படி: மாதம் பார்ப்பது

நிலநடுக்கோட்டின் இரு பக்கமும் ஏறக்குறைய 23.5 பாகை வரை உள்ள பகுதிதான் வெப்பமண்டலம். அங்கே மழைக்காலமா, மழையில்லாத காலமா என்பதுதான் பயணத்தைத் தீர்மானிக்கும். புயல் பருவமும் கடலுக்குக் கடல் மாறும். வட இந்தியப் பெருங்கடலில் ஏப்ரல் முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் புயல்கள் அதிகம். கரீபியன் பகுதிக்கு ஜூன் முதல் நவம்பர் வரை. தென் அரைக்கோளத்தில் பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. நிலநடுக்கோட்டை ஒட்டி 5 பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது. காற்றைச் சுழலவைக்கும் புவிச்சுழற்சியின் விளைவு அங்கே மிகவும் குறைவாக இருப்பதே காரணம். ஆனால் அந்த ஊர்களில் எந்த மாதமும் மழை வரலாம்.

புயல் இல்லாவிட்டாலும் பருவக்காற்று நேராக வந்து மோதும் கரையில் கடல் கலங்கியே கிடக்கும். தண்ணீருக்கடியில் பவளப்பாறை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஒரே தீவின் ஒரு கரை கொந்தளிக்கும்போது மறுகரை அமைதியாக இருப்பதும் உண்டு. தங்கும் இடத்தைப் பதிவு செய்யும் முன், அந்தக் கரைக்கு அந்த மாதம் எப்படி என்று பாருங்கள்.

இரண்டாவது படி: ஓத அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொள்வது

கடலோரத்தில் பிறந்து வளராதவர்களுக்கு இது புதிதாக இருக்கும், ஆனால் கஷ்டமில்லை. பெரும்பாலான கரைகளில் 24 மணி 50 நிமிடத்துக்குள் கடல் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். நீர் முழுதாக ஏறியதிலிருந்து முழுதாக வற்ற ஆறு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகும். அந்த 50 நிமிடம் நிலாவினால் வருவது. பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் நிலாவும் கொஞ்சம் முன்னே நகர்ந்துவிடுகிறது. ஆகவே இன்று காலை 8 மணிக்கு நீர் ஏறி நின்றால், நாளை ஏறக்குறைய 8.50க்கு ஏறும். சில கரைகளில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான், எனவே போகும் ஊரின் அட்டவணையைத் தனியாகப் பார்க்க வேண்டும். வானிலை செயலிகளிலேயே இப்போது கிடைக்கிறது.

இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். பவளத் திட்டோ பாறைக் குட்டைகளோ வெளியே நன்றாகத் தெரிவது அப்போதுதான். அடுத்தது, நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஏறும் ஆறு மணி நேரத்தில் முதல் மணியும் கடைசி மணியும் மெதுவாகப் போகும். நடுவிலுள்ள மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் மட்டுமே மொத்த ஏற்றத்தில் பாதி முடிந்துவிடும். வற்றிய கடலில் தூரத்துத் திட்டு வரைக்கும் நடந்து போய், திரும்பும்போது இடுப்பளவு நீரில் மாட்டிக்கொள்கிறவர்கள் இதை அறியாதவர்கள். நீர் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் போங்கள், வற்றி முடிந்து திரும்பத் தொடங்கியதும் நீங்களும் திரும்புங்கள்.

சரி, அட்டவணையைப் பார்த்தாகிவிட்டது. தங்கப்போகும் நாட்களுக்கான ஏற்ற இறக்க நேரங்களை ஒரு தாளில் எழுதி, பட்டியலில் உள்ள இடங்களை அதன் பக்கத்தில் பொருத்துங்கள். பாறைக் குட்டை, ஈரமணலில் நீண்ட நடை, சேற்றுத் திட்டில் பறவை பார்ப்பது எல்லாம் வற்றத்துக்கு. அலையாத்திக் காட்டுப் படகும் கழிமுகப் பயணமும் ஏற்றத்துக்கு. மேடு பள்ளமான கரையில் குளிப்பது என்றால் அந்தந்தக் கரையின் உயிர்காப்பாளரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் நாள் எதுவும் வேண்டாம்

உண்மையாகவே எதுவும் வேண்டாம். ஈரப்பதம் நிறைந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் உடம்பு குளிராது. இந்தச் சூட்டுக்கு உடம்பு முழுதாகப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். முதல் இரண்டு நாள்தான் தலைவலியும் மயக்கமும் பலரைப் படுக்கவைக்கும். மாலையில் கரையோரம் மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள், தூங்குங்கள், தண்ணீர் குடியுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். இந்த அளவைப் பயணம் முழுவதற்கும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகளைப் பையிலேயே வைத்திருப்பது இன்னும் நல்லது.

விடியற்காலை

நகரத்தின் மிக நல்ல நேரம் இதுதான். என்னைக் கேட்டால், விடுமுறை முழுவதும் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, மதியம் தூங்கிக்கொள்வதே சரியான ஏற்பாடு.

இரவில் நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும். அதனால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். அந்தக் காற்றில் பாய்மரத்தை விரித்துக் கடலுக்குள் போய், நண்பகலுக்கு மேல் எதிர்ப்பக்கமாக வீசும் கடற்காற்றில் கரை திரும்புவதுதான் பாய்மரக் காலத்து மீனவர்களின் வழக்கம். இன்று எஞ்சின் வந்துவிட்டது, ஆனால் கடல் அதே போல விடியலில்தான் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. அதனால் படகில் போக விரும்புகிறவர்கள் முதல் படகைப் பிடியுங்கள். டால்பின் பார்ப்பதானாலும் தீவுக்குப் போவதானாலும் காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் உள்ள வித்தியாசத்தை வயிறே சொல்லிவிடும். குமட்டல் வருகிறவர்கள் படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்தபடி இருங்கள், போனைப் பார்க்காதீர்கள். மாத்திரை எடுப்பவர்கள் ஏறுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பயன் இல்லை. லைஃப் ஜாக்கெட் கொடுக்காத படகில், எவ்வளவு சின்னத் தூரமானாலும், ஏற வேண்டாம்.

மீன்பிடித் துறைமுகத்துக்கும் இந்த நேரம்தான். இரவு போன படகுகள் வந்து சேர்ந்து, கூடைகள் இறங்கி, ஏலம் நடக்கும். அடிபிடிக்கும் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், தரை வழுக்கும். கூடை தூக்கி ஓடுகிறவர்களின் வழியில் நிற்காதீர்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம், அன்றைய வருமானம் அந்த அரை மணி நேரத்தில் முடிவாகிறது. ஏலச் சத்தம் அடங்கியதும் யாராவது ஒருவரிடம் இது என்ன மீன், எங்கே கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். கடலைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்பது ஓர் அருங்காட்சியகம் போய் வருவதற்குச் சமம். எந்த மீன் அன்று நிறைய வந்தது என்று தெரிந்துகொண்டால் மதியம் உணவகத்தில் எதைக் கேட்பது என்ற குழப்பமும் தீரும்.

காலை: கடலில் இறங்குவது

இந்தக் கட்டுரையில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துகிறவர்களும் கடலில் மூழ்குகிறார்கள். பெரும்பாலும் காரணம், கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம். ரிப் கரண்ட் என்று சொல்வார்கள். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்காவது திரும்பிப் போக வேண்டுமே, அது மணல் திட்டுகளுக்கு இடையிலுள்ள ஒரு பள்ளத்தின் வழியாக ஒடுங்கி, வேகமாக உள்ளே போகும். வேகம் கூடும்போது ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இறங்கும் முன் உயரமான இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வரிசையாக அலை உடைந்துகொண்டிருக்கும் கரையில், ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல், நிறம் கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். நுரையோ பாசியோ அந்த வழியாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள், "இங்கேதான் அலை இல்லை, குழந்தைகளுக்கு நல்லது" என்று அந்த இடத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். அதுதான் இருப்பதிலேயே ஆபத்தான இடம்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். அந்த நீரோட்டம் உங்களை நீருக்கடியில் இழுக்காது, உள்ளே தள்ளிக்கொண்டுதான் போகும். மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்துங்கள், ஒரு கையைத் தூக்கி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலைகளோடு சேர்ந்து கரைக்கு வாருங்கள். வேறொருவர் மாட்டினால் வெறுங்கையோடு குதிக்க வேண்டாம். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. மிதக்கும் பொருள் எதுவானாலும் வீசுங்கள், உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள்.

கொடிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்ற இரண்டு கொடிகளுக்கு இடையில்தான் உயிர்காப்பாளரின் பார்வை இருக்கும், அங்கேயே குளியுங்கள். பல நாடுகளில் தனிச் சிவப்புக் கொடி பறந்தால் கடல் ஆபத்தாக இருக்கிறது, இறங்கக் கூடாது என்று பொருள். ஊதா நிறக் கொடி ஜெல்லி மீன் போன்ற கடல் உயிரினங்களைப் பற்றிய எச்சரிக்கை. ஊருக்கு ஊர் சிறு மாற்றம் உண்டு, கரையில் வைத்திருக்கும் பலகையைப் படித்துவிடுங்கள்.

ஆழமில்லாத மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். ஜெல்லி மீன் பட்டால் மணலை வைத்துத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். இரண்டுமே தோலில் ஒட்டியிருக்கும் கொட்டு செல்களை இன்னும் வெடிக்கவைக்கும். கடல்நீரால் கழுவி, ஒட்டியதை இடுக்கியால் எடுத்துவிட்டு உயிர்காப்பாளரிடம் போங்கள். எந்த வகைக்கு வினிகர், எதற்கு வெந்நீர் என்று அந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக மருத்துவமனை.

முகமூடி போட்டுப் பவளப்பாறை பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் இடுப்பளவு நீரில் பழகுங்கள். கண்ணாடி முகமூடியைப் பட்டி மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள், கீழே விழாமல் ஒட்டிக்கொண்டால் அது உங்கள் முகத்துக்குச் சரியான அளவு. தனியாகப் போகாதீர்கள். பவளம் பாறை போலத் தெரிந்தாலும் அது உயிருள்ளது. திரட்சியாக வளரும் பல வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. அதன் மேல் ஒரு நிமிடம் ஏறி நின்றால் பல ஆண்டு வளர்ச்சி உடைந்துபோகும். சன்ஸ்கிரீனில் உள்ள ஆக்சிபென்சோன் போன்ற சில வேதிப்பொருள்கள் பவளத்துக்குக் கேடு என்பதால் பலாவ் நாடு 2020லும், ஹவாய் மாநிலம் 2021லும் அவற்றுக்குத் தடை கொண்டுவந்தன. துத்தநாக ஆக்சைடு கலந்ததை வாங்குங்கள், அல்லது கை நீண்ட நீச்சல் சட்டை போடுங்கள். எனக்குச் சட்டைதான் பிடித்திருக்கிறது, திரும்பத் திரும்பப் பூச வேண்டியதில்லை.

ஸ்கூபா டைவிங் செய்கிறவர்களுக்கு ஒரு திட்டமிடல் குறிப்பு: கடைசி டைவுக்கும் விமானம் ஏறுவதற்கும் இடையில் குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். ஆகவே அதைப் பயணத்தின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பகல்: நிழலுக்குள்

வெயிலின் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று சொல்லும் புற ஊதாக் குறியீடு 11ஐ எட்டினால் அதுதான் அளவுகோலின் உச்சப் பிரிவு. வெப்பமண்டலத்தில் நண்பகலில் அது சர்வசாதாரணம். மேகம் மூடியிருந்தாலும் ஏமாறக் கூடாது, மெல்லிய மேகத்தின் வழியாகப் பெரும்பகுதி வந்துவிடும். கருவி எதுவும் வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெயிலை விட்டு விலகுங்கள். வெளியே இருந்தே ஆக வேண்டும் என்றால் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், குளித்து வந்ததும் மறுபடியும் பூசுங்கள்.

அருங்காட்சியகம், நூலகம், பழைய வழிபாட்டிடங்கள், துறைமுகத்துக்கு அருகிலுள்ள பழைய கடைத் தெரு இவையெல்லாம் இந்த நேரத்துக்கு. பழைய தெருக்களில் வீடுகளுக்கு முன்னால் தாழ்வாரம் நீண்டு, கூரை உயர்ந்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கட்டியவர்கள் இந்த வெயிலை அறிந்து கட்டியவை அவை. இந்தியப் பெருங்கடலின் துறைமுகங்களில் இன்னொன்றையும் கவனிக்கலாம். பருவக்காற்றில் பாய்மரம் விரித்து வந்த வணிகர்கள், காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. தங்கியவர்கள் வீடு கட்டினார்கள், மணம் செய்தார்கள், கோயிலும் பள்ளிவாசலும் எழுப்பினார்கள். மலாக்காவும் கோழிக்கோடும் சான்சிபாரும் அப்படிப் பல மொழி பேசும் ஊர்களானவை. தெருவில் நடக்கும்போது கதவுகளையும் கல்லறை எழுத்துகளையும் பெயர்ப்பலகைகளையும் படித்துக்கொண்டே போங்கள், எந்தக் காற்றில் யார் வந்தார்கள் என்பது தெரியும்.

கேமராவுக்கு ஒரு வார்த்தை. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போனால் கண்ணாடி முழுவதும் நீராவி படியும். பையை மூடியபடியே வெளியே கொண்டுபோய், அரை மணி நேரம் கழித்து எடுங்கள்.

பிற்பகல் மழை

பல ஊர்களில் பிற்பகலில் மேகம் குவிந்து இடியோடு கொட்டும், ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும். மின்னலைப் பார்த்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் தண்ணீரையும் திறந்த மணலையும் விட்டு உடனே கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு வெளியே வாருங்கள்.

மாலையும் இரவும்

வெப்பமண்டலத்தில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சம் அதிக நேரம் நிற்காது. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடும். குன்று ஏறியோ ஒதுக்குப்புறமான கரைக்கோ போகிறவர்கள் கையில் விளக்கோடு போங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, முக்கியமாக விடிந்த பிறகும் சூரியன் மறைவதற்கு முன்னும். அதனால் மாலை நடைக்கு முழுக்கைச் சட்டையும் கொசு மருந்தும் அவசியம்.

இரவில் கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஒளிர்வு முறை உண்டு: இத்தனை முறை மின்னி, இத்தனை விநாடி இருள். எந்தக் கரையில் இருக்கிறோம் என்று மாலுமிகள் அதை வைத்தே கண்டுகொள்வார்கள். குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள், மறுநாள் பகலில் அதே விளக்கத்தில் ஏறி, அடுக்கடுக்கான கண்ணாடி லென்சைக் காட்டுங்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரனெல் வடிவமைத்த அந்த லென்ஸ் முதன்முதலில் 1823இல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் எரிந்தது. ஒரு சிறு சுடரைப் பல மைல் தூரம் தெரியவைத்தது அது.

நிலா இல்லாத இரவுகளில் சில கரைகளில் அலை உடையும்போது நீல ஒளி தெரியும். ஒளிரும் நுண்ணுயிர்கள் அவை. அதைக் காண விளக்குகளை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகக் கால்மணி நேரமாவது காத்திருங்கள். ஆமை முட்டையிடும் கரையாக இருந்தால் டார்ச்சும் ஃபிளாஷும் கூடவே கூடாது. குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தைக் கடல் என்று நினைத்து நகர்கின்றன, நம் விளக்கு அவற்றை எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். வனத்துறையோ தன்னார்வலர்களோ அழைத்துப் போகும் நடை இருந்தால் அதிலேயே சேர்ந்து போங்கள்.

கடைசி நாள்

ஈரத் துணிகளை முந்தின இரவே அலசி உலர்த்துங்கள், உப்பு இருந்தால் காயவே காயாது. சிப்பி, சங்கு, பவளத் துண்டு வாங்க வேண்டாம். கல் பவளங்களும் ராட்சதச் சிப்பிகளும் நாட்டிலஸ் என்ற சுருள் ஓட்டு உயிரினமும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருவதால், அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகும். கரையில் கிடக்கும் வெற்றுச் சங்கையும் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உள்ளிருந்து சின்னக் கால்கள் நீண்டால் ஒரு துறவி நண்டு ஏற்கனவே அங்கே குடியிருக்கிறது. எடுத்த இடத்திலேயே, நீர் வந்து தொடும் கோட்டுக்கு அருகில் வைத்துவிடுங்கள்.